வகுப்பில் வினாடி வினா விளையாட்டு: ஜெயிப்பது எப்போதும் அதே நாலு பேர்

செஞ்சி டீச்சர்
அக்டோபர் 11, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். விழுப்புரம் மாவட்டத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். வகுப்பில் 34 பிள்ளைகள். பள்ளிக்குப் பத்துக் கணினி வந்ததிலிருந்து வாரம் ஒரு பீரியட் அவர்களைக் கணினி லேபுக்குக் கூட்டிப்போய் வினாடி வினா விளையாட்டு நடத்துகிறேன். திரையில் கேள்வி, நாலு நிறத்தில் நாலு விடை, மேலே ஓடுகிற கடிகாரம், ஒவ்வொரு கேள்வி முடிந்ததும் யார் முன்னால் என்கிற பட்டியல், கூடவே இசை. செயலியின் பெயர் முக்கியமில்லை, இந்த மாதிரி நிறைய இருக்கின்றன.

முதல் இரண்டு வாரம் எனக்கே கண் கலங்கிவிட்டது. மணி அடிக்கும் முன்பே வாசலில் வந்து நிற்பார்கள். கணக்கு பீரியடுக்கு ஓடிவரும் பிள்ளைகளை என் பதினோரு வருஷ வேலையில் பார்த்ததில்லை.

மூன்றாவது வாரம்தான் ஒன்றைக் கவனித்தேன். ஒரு கணினிக்கு மூன்று பேர், சிலதில் நாலு பேர். மௌஸ் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் விளையாடுகிறார், மற்றவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். முதல் நாலு இடத்தில் எப்போதும் அதே பெயர்கள். கடைசி பெஞ்ச் பையன் ஒருவன் கையில் மௌஸைக் கொடுத்தால் கேள்வியைப் படிக்காமலே சிவப்பை அழுத்திவிடுகிறான். போன வாரம் ஒரு பெண் பிள்ளை கிட்ட வந்து, "டீச்சர், நான் வெளிய உக்காந்து வீட்டுப்பாடம் எழுதட்டுமா?" என்று கேட்டாள். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமில்லை.

அதோடு இன்னொன்று. 0.35, 0.5 இரண்டில் பெரியது எது என்று லேபில் கேட்டபோது எல்லாக் குழுவும் சரியாகச் சொன்னது. நேற்று அதையே தாளில் கேட்டேன். 34 பேரில் 21 பேர் 0.35 என்று எழுதியிருக்கிறார்கள். 35 பெரிசு, 5 சிறிசு, அவ்வளவுதான் அவர்கள் கணக்கு.

இதை விட்டுவிடலாமா? இல்லை நான் நடத்துகிற விதத்தில் கோளாறா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

கரும்பலகை
அக்டோபர் 11, இரவு 10.15

டீச்சர், மனசில் பட்டதைச் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவன். கீழ் வகுப்பில் விளையாடிப் படித்துவிட்டு வருகிற பிள்ளைகள் என்னிடம் வரும்போது மூன்று மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்து எழுத முடியாமல் தவிக்கிறார்கள். நாலு விடையில் ஒன்றைத் தொடத் தெரியும், நாலு வரி எழுதிக் காட்டத் தெரியாது. தப்பு எந்த வரியில் நடந்தது என்று தேட அவர்களுக்குப் பொறுமையே இருப்பதில்லை.

உங்கள் 21 பேர் கணக்கே அதற்குச் சாட்சி. வாரத்தில் ஒரு பீரியட் என்றால் வருஷத்துக்கு முப்பது பீரியட் ஆகிறது. அந்த நேரத்தில் பலகையில் போட்டுக் காட்டி, நோட்டில் போட வைத்து, ஒவ்வொருவர் பக்கத்திலும் போய் நின்று பாருங்கள். சாக்பீஸுக்கு மின்சாரம் வேண்டாம்.

---

மின்சுற்று
அக்டோபர் 12, காலை 6.50

கோவையில் உயர்நிலைப் பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன். விட்டுவிடாதீர்கள் டீச்சர், மாற்றி நடத்துங்கள்.

நீங்கள் சொன்ன வகை விளையாட்டில் சரியான விடைக்கு மட்டும் புள்ளி வருவதில்லை, சீக்கிரம் தொட்டதற்கும் வருகிறது. பத்து விநாடியில் சரியாகச் சொன்ன பிள்ளை மூன்று விநாடியில் சொன்ன பிள்ளைக்குப் பின்னால் போய்விடுகிறது. யோசிக்கிற பிள்ளைக்கு அங்கே தண்டனைதான். எழுத்துக் கூட்டிப் படிக்கிற பையன் கேள்வியை முடிப்பதற்குள் கடிகாரம் முடிந்துவிடும். அவன் சிவப்பை அழுத்துவது சோம்பலால் இல்லை என்று நினைக்கிறேன். படித்தாலும் தோற்பான், படிக்காவிட்டாலும் தோற்பான். படிக்காமல் தோற்றால் மானமாவது மிஞ்சும்.

ஹார்வர்டில் எரிக் மஸூர் என்கிற இயற்பியல் பேராசிரியர் 1991இல் ஒரு முறையைத் தொடங்கினார். பாடப்புத்தகக் கணக்குகளை அழகாகப் போடுகிற மாணவர்கள் ஒரு சின்ன அடிப்படைக் கேள்வியில் தடுமாறுவதைப் பார்த்துத்தான் தொடங்கினார். முறை இவ்வளவுதான்: கேள்வியைக் காட்டு. யாரும் பேசாமல் தனியாக யோசித்து விடையைத் தெரிவிக்கட்டும். சரியான விடையைச் சொல்லாதே. வேறு விடை சொன்ன பக்கத்து ஆளிடம் பேசி, அவரைச் சம்மதிக்க வைக்கப் பார்க்கச் சொல். மறுபடி விடை கேள். அவர் முதலில் அட்டைகளை வைத்துக்கொண்டே இதைச் செய்தார், பொத்தான் கருவியெல்லாம் பிறகு வந்தது. சரியாகச் சொன்னவர்கள் சுமார் 30 சதவீதத்துக்கும் 70 சதவீதத்துக்கும் இடையில் இருந்தால்தான் பேச விடுவது. அதற்குக் கீழே என்றால் பாடத்தையே திரும்ப எடுக்க வேண்டும். மேலே என்றால் அடுத்த கேள்விக்குப் போகலாம்.

நான் இதைப் பிளிக்கர்ஸ் அட்டையில் செய்கிறேன். ஆளுக்கு ஓர் அட்டை, அதில் கறுப்புக் கட்டங்களாலான ஒரு கோலம், ஒவ்வொருவர் கோலமும் வேறு. அட்டையின் நாலு பக்கமும் A, B, C, D என்று நாலு விடை. தன் விடை மேலே வருகிற மாதிரி பிள்ளை பிடித்தால் போதும். நான் என் கைப்பேசிக் கேமராவை வகுப்பு முழுக்க ஒருமுறை ஓட்டினால் யார் என்ன விடை சொன்னார்கள் என்பது என் திரையில் வந்துவிடும். பிள்ளைகளுக்குக் கருவி வேண்டாம், கணினி அறைக்கும் போக வேண்டாம். எழுத்து பொடிசாக இருப்பதால் பக்கத்து ஆள் எதைப் பிடித்திருக்கிறார் என்று எட்டிப் பார்க்கவும் முடியாது. பெயர்ப் பட்டியலைப் பெரிய திரையில் காட்டவே காட்டாதீர்கள்.

இரண்டு அனுபவக் குறிப்பு. அட்டையை லேமினேட் செய்யாதீர்கள், ஜன்னல் வெளிச்சம் பட்டுப் பளபளத்தால் கேமரா படிக்காது. தடித்த சார்ட் அட்டையில் ஒட்டுங்கள். விரல் கோலத்தின் மேல் படாமல் ஓரத்தைப் பிடிக்க ஒரு நாள் பழக்க வேண்டியிருக்கும்.

ஆனால் எல்லாவற்றையும் விட முக்கியம் தப்பு விடைகள். ஒவ்வொரு தப்பு விடையும் ஒரு நோயைச் சொல்ல வேண்டும். 0.35, 0.5, 0.125 இதில் பெரியது எது என்று கேளுங்கள். 0.125 என்று சொன்னவன் இலக்கங்களை முழு எண்ணாகப் படிக்கிறான். 0.35, 0.5 மட்டும் கொடுத்தால் இந்த நோய் ஒன்றுதான் தெரியும். 0.3, 0.35, 0.347 கொடுத்துப் பாருங்கள். அதில் 0.3தான் பெரியது என்று சில பேர் சொல்வார்கள், பத்தில் ஒன்று ஆயிரத்தில் ஒன்றை விடப் பெரிசு, அதனால் இலக்கம் குறைந்தால் பெரிய எண் என்று அவர்கள் நினைக்கிறார்கள். அந்தப் பிள்ளை உங்கள் முதல் கேள்விக்குச் சரியாகவே 0.5 என்று சொல்லியிருக்கும். புரிந்துவிட்டது என்று நாமும் நினைத்திருப்போம்.

---

ரெண்டு பிள்ள அம்மா
அக்டோபர் 12, மதியம் 1.20

நான் டீச்சர் இல்லீங்க. திருப்பூர்ல பனியன் கம்பெனியில தைக்கிறேன். மகன் எட்டாவது, மக ஆறாவது.

பள்ளிக்கூடத்துல விளையாட்டா சொல்லிக்குடுத்தா நல்லதுதான். ஆனா அதையே வீட்டுல போய் போன்ல விளையாடிட்டு வான்னு வாட்ஸ்அப்புல லிங்க் அனுப்புறாங்களே, அத மட்டும் யோசிங்க. எங்க வீட்டுல ஒரே போன், அது அவங்க அப்பாகிட்ட. ராத்திரி ஒம்பது மணிக்கு வருவார். மொதல்ல மகன் வாங்குவான், முடிச்சதும் வேற விளையாட்டுக்குப் போயிருவான். மக கையில வர்றப்ப சார்ஜ் இருக்காது, இல்ல தூக்கம் வந்துரும். மறுநாள் யார் யார் முடிக்கலன்னு குரூப்புல பேர் வரும். அதுல எப்பவும் இவ பேரு.

பாடம் தெரியாம இல்ல அவ. போன் கிடைக்காம.

---

செஞ்சி டீச்சர்
அக்டோபர் 12, மாலை 5.05

அம்மா, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். நானும் அப்படி ஒரு லிங்க் அனுப்பியிருக்கிறேன். இனி அனுப்ப மாட்டேன்.

மின்சுற்று சார், அந்த 0.3, 0.35, 0.347 கேள்வியை நாளைக்கே கேட்கிறேன்.

---

பொருநைக்கரை
அக்டோபர் 13, காலை 5.30

ஓய்வுபெற்ற தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியன், திருநெல்வேலிப் பக்கம். இந்த இழையைப் படிக்கும்போது செயல்வழிக் கற்றல் வந்த காலம் நினைவுக்கு வருகிறது.

2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007 வாக்கில் மாநிலம் முழுக்க வந்தது. ஆந்திராவில் ரிஷிவேலிப் பள்ளியில் செய்துவந்ததைப் பார்த்துப் படித்து நம் ஊருக்கு ஏற்ற மாதிரி எடுத்து வந்தார்கள். பெஞ்சைத் தூக்கிவிட்டுப் பாய் விரித்தோம். பிள்ளை கைக்கு எட்டுகிற உயரத்தில் சுவரைச் சுற்றிக் கீழ்மட்டக் கரும்பலகை, ஒவ்வொருவருக்கும் தன் பெயர் எழுதிய இடம். தலைக்கு மேலே கம்பிப் பந்தல், அதில் அவர்கள் வரைந்த படங்கள் தொங்கும். பாடம் முழுவதும் அட்டை அட்டையாக, ஏணிப்படியாக இருக்கும், படிகளுக்கு அடையாளமாக விலங்குப் படங்கள். ஒரு பிள்ளை முயல் படிக்கட்டில் நிற்கும், இன்னொன்று யானைக்குப் போயிருக்கும். காய்ச்சல் வந்து பத்து நாள் வராத பிள்ளை, விட்ட படியிலிருந்தே தொடங்கலாம். எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் பட்டது. அதுவரை பாடம் யாருக்காகவும் நின்றதில்லை.

முதல் வருஷம் வகுப்பறையில் பூ பூத்த மாதிரி இருந்தது. பிறகு என் பள்ளியில் என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது என் பொறுப்பில் நடந்தது. அட்டையை முடித்தாயா என்று கேட்க ஆரம்பித்தோம், புரிந்ததா என்று கேட்பதை விட்டுவிட்டோம். பிள்ளைகள் பக்கத்துப் பிள்ளையின் அட்டையைப் பார்த்து எழுதி ஏணியில் ஏறினார்கள். ஏணியில் மேலே நின்ற ஒரு பெண் பிள்ளைக்கு 'ழ'கரம் வாசிக்கத் தெரியாததை நான் கண்டுபிடித்தபோது அவள் நாலாம் வகுப்பு முடிக்கிற நேரம்.

2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபோது, பிள்ளைகளை அவர்கள் கற்ற நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்ததைப் பார்த்து மகிழ்ந்தேன். பயிற்சிக்குப் போன இளைய ஆசிரியர்களிடம் நான் சொன்னது ஒன்றுதான்: தினமும் இரண்டு பிள்ளையை மட்டும் பக்கத்தில் உட்கார வைத்து வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். டீச்சரம்மா, உங்களுக்கும் அதேதான். கருவி யார் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று காட்டிக் கொடுத்தால் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

---

தாயக்கட்டை
அக்டோபர் 13, இரவு 11.30

விளையாட்டு வடிவமைப்பது என் தொழில், சென்னை. பள்ளிகளோடு ஐந்து வருஷமாக வேலை செய்கிறேன். விளையாட்டுப் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன்.

பரமபதத்தில் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கணக்கை எழுதி, சரியாகச் சொன்னால் தாயம் உருட்டலாம் என்று விதி வைத்தால் அது கணக்கு விளையாட்டாகிவிடாது. கணக்கு ஒரு சுங்கச்சாவடி மாதிரி நடுவில் நிற்கிறது, பிள்ளையின் மனசு பாம்பிலும் ஏணியிலும் இருக்கிறது. சாவடியைச் சீக்கிரம் தாண்டத்தான் பார்க்கும். யோசிக்காது.

பல்லாங்குழியில் அப்படி இல்லை. பதினான்கு குழி. இந்தக் குழியை எடுத்தால் கடைசி முத்து எங்கே விழும், அதற்கடுத்த குழியை எடுத்தால் எங்கே போய் முடியும் என்று கண்ணாலேயே எண்ணிவிட்டுத்தான் பாட்டி கையை வைப்பார். எண்ணுவதுதான் அங்கே ஆட்டமே. ஆடுபுலி ஆட்டத்திலும் மூன்று புலியைப் பதினைந்து ஆடு அடைக்க வேண்டுமானால் யோசனை இல்லாமல் ஒரு காயையும் நகர்த்த முடியாது.

இங்கிலாந்தில் ஜேக்கப் ஹாப்குட், ஷாரன் எய்ன்ஸ்வர்த் இருவரும் 2011இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதைத்தான் சோதித்தது. ஒரே கணினி விளையாட்டு, இரண்டு வடிவம். ஒன்றில் எதிரே வரும் எலும்புக்கூட்டின் மார்பில் ஓர் எண் இருக்கும், அதை மீதியில்லாமல் வகுக்கும் ஆயுதத்தைத் தேர்ந்தெடுத்தால்தான் அது விழும். இன்னொன்றில் அதே கணக்குகள் கட்டத்துக்குக் கட்டம் நடுவே தேர்வாக வரும். கணக்கு சண்டைக்குள்ளேயே இருந்த வடிவத்தில் ஆடிய பிள்ளைகள் அதிகம் கற்றார்கள். எதை வேண்டுமானாலும் ஆடலாம் என்று விட்டபோது அந்த வடிவத்தில்தான் ஏழு மடங்கு நேரம் செலவழித்தார்கள்.

டீச்சர், உங்கள் தசமத்துக்கு ஒன்று சொல்கிறேன், கணினியே வேண்டாம். 0 முதல் 9 வரை எழுதிய பத்துச் சீட்டு. ஒவ்வொரு பிள்ளையும் நோட்டில் ஒரு பூஜ்யம், ஒரு புள்ளி, பிறகு மூன்று கட்டம் வரைந்துகொள்ள வேண்டும். நீங்கள் ஒரு சீட்டை எடுத்து எண்ணைச் சொல்லுங்கள். அதை மூன்றில் ஒரு கட்டத்தில் எழுத வேண்டும், எழுதியதை மாற்றக் கூடாது. சீட்டைத் திரும்பப் போட்டுவிட்டு அடுத்தது. மூன்று முறை எடுத்த பிறகு யாருடையது பெரிய எண்? முதலில் 4 வந்தால் எங்கே வைப்பது? புள்ளியை ஒட்டி வைத்தால் அடுத்து 9 வரும்போது வயிறு எரியும். கடைசியில் வைத்தால் 1, 2 என்று வந்து கழுத்தை அறுக்கும். இடமதிப்பு தெரியாமல் இந்த ஆட்டத்தில் ஜெயிக்க முடியாது, தெரிந்தவனும் சீட்டின் தயவில் தோற்கலாம். அதனால் அதே நாலு பேர் ஜெயிக்கவும் மாட்டார்கள்.

இன்னொரு விதியைச் சேருங்கள்: பிடிக்காத எண் வந்தால் எழுதாமல் விட்டுவிடலாம், கட்டம் காலியாக இருக்கலாம், கடைசியில் புள்ளியை ஒட்டி நெருக்கி எழுதிக்கொள்ளலாம். 4, 9, 5 வந்தது என்று வையுங்கள். ஒருத்தி 0.495 வைத்திருப்பாள். இன்னொருவன் நாலையும் ஐந்தையும் விட்டுவிட்டு 0.9 மட்டும் வைத்திருப்பான். மூன்று இலக்கக்காரி தான்தான் ஜெயித்தேன் என்று கத்துவாள். அந்தச் சண்டையை நீங்கள் தீர்க்காதீர்கள். அவர்களே தீர்க்கட்டும்.

---

கொடுமுடிக்காரன்
அக்டோபர் 14, காலை 8.10

தோத்தவங்களுக்கும் ஆளுக்கு ஒரு சாக்லேட் குடுத்துப் பாருங்க டீச்சர். எங்க பள்ளியில அப்படித்தான் செய்றோம், எல்லாரும் கலந்துக்கறாங்க.

---

சிங்கைத் தமிழாசிரியர்
அக்டோபர் 14, மாலை 7.00

கொடுமுடி நண்பருக்கு ஒரு வார்த்தை. 1973இல் ஸ்டான்ஃபோர்டில் ஒரு சோதனை நடந்தது. படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள சின்னப் பிள்ளைகளில் ஒரு பகுதியினரிடம், வரைந்தால் பரிசு தருவோம் என்று முன்கூட்டியே சொல்லி, வரைந்ததும் பரிசும் கொடுத்தார்கள். பிறகு பரிசு இல்லாமல் சும்மா விட்டபோது, அந்தப் பிள்ளைகள் முன்பைவிடக் குறைவாக வரைந்தார்கள். பரிசு எதிர்பாராத பிள்ளைகள் வழக்கம்போல் வரைந்தார்கள். சாக்லேட் கொடுக்கலாம், ஆனால் கணக்குப் போட்டதற்கு விலையாக அது ஆகிவிடக் கூடாது.

இங்கே சிங்கப்பூரில் 2021க்குள் எல்லா உயர்நிலைப் பள்ளி மாணவருக்கும் சொந்தக் கற்றல் கருவி வந்துவிட்டது. கருவிக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் என் தமிழ் வகுப்பில் பாதி நேரம் கருவியை மூடச் சொல்கிறேன். வீட்டில் ஆங்கிலம் பேசுகிற பிள்ளை தமிழில் வாய் திறந்து பேச வேண்டுமானால் எதிரில் ஒரு முகம் வேண்டும். குரலைப் பதிவு செய்து தானே கேட்டுத் திருத்திக்கொள்ளக் கருவி நன்றாக உதவுகிறது, கூச்சமுள்ளவர்களுக்கு அது பெரிய துணை. இந்த இரண்டுக்கும் நடுவே எப்போது மூடுவது, எப்போது திறப்பது என்பதைக் கற்றுக்கொள்ளவே எனக்கு மூன்று வருடமானது.

---

மலையகத் தென்றல்
அக்டோபர் 15, இரவு 8.45

இலங்கையில், அட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். தரம் 6, 7, விஞ்ஞானமும் கணிதமும். எங்கள் லயன் பகுதியில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள் இருக்கிற இடத்தில், சிக்னல் வந்தால் அதிசயம். 2022இல் நாட்டில் ஒரு நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த நாட்களில் பாடசாலையில் இருந்த ஒரே மடிக்கணினியும் பெட்டிக்குள் கிடந்தது. அதனால் சொல்கிறேன், டீச்சர், பத்துக் கணினி உங்களுக்குப் பெரிய கொடை.

நான் செய்வது இரண்டு.

ஒன்று, கொலராடோ பல்கலைக்கழகத்தின் பெட் (PhET) செயற்பாடுகள், கணினித் திரையிலேயே பரிசோதனை செய்து பார்க்கிற மென்பொருள். நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002இல் தொடக்கியது, இலவசம், தமிழிலும் பல இருக்கின்றன. நகரத்துக்குப் போகும்போது பென்டிரைவில் இறக்கி வந்துவிடுவேன், பிறகு இணையம் தேவையில்லை. மின்சுற்றில் பிள்ளை வயரைத் தப்பாக இணைத்தால் திரையில் தீ பற்றும். உண்மையான மின்கலத்தில் அப்படிச் செய்து பார்க்க விட ஏலாது. ஆனால் திரையில் பார்த்த பிறகு கட்டாயம் ஒரு டோர்ச் பல்ப், ஒரு மின்கலம், ஒரு துண்டு வயர் கையில் கொடுப்பேன். திரையில் பல்ப் எப்போதும் எரியும். கையில் இருக்கிற வயரின் நுனியில் துரு இருக்கும், அதைச் சுரண்ட வேண்டும் என்று அப்போதுதான் தெரியும்.

இரண்டாவது, நாலு மூலை விளையாட்டு. வகுப்பின் நாலு மூலையும் நாலு விடை, பிள்ளைகள் தங்கள் விடையின் மூலைக்குப் போக வேண்டும். தொடக்கத்தில் எல்லாரும் கெட்டிக்காரப் பிள்ளை போகிற மூலைக்கே போனார்கள். இப்போது முதலில் கொப்பியில் விடையை எழுதி என்னிடம் காட்டிவிட்டுத்தான் நடக்க வேண்டும். மழை நாளில் உடம்பும் சூடாகும்.

---

கரும்பலகை
அக்டோபர் 16, இரவு 9.20

எல்லாவற்றையும் படித்தேன். அட்டையும் சீட்டும் நாலு மூலையும் நல்ல யோசனைகள். ஆனால் கவனியுங்கள், இங்கே எல்லாரும் கடைசியில் கணினி வேண்டாத வழியைத்தான் சொல்லியிருக்கிறீர்கள். அப்படியென்றால் கணினியால் பிள்ளைகள் உண்மையாகவே அதிகம் கற்றார்கள் என்று காட்ட எதாவது உண்டா? கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

---

மின்சுற்று
அக்டோபர் 16, இரவு 10.40

இரண்டு பக்கமும் உண்டு சார்.

பெரு நாட்டில் கிராமத்துத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு மடிக்கணினி கொடுத்தார்கள். 319 பள்ளிகளை வைத்துச் செய்த ஆய்வு 2012இல் வந்தது. கணக்கிலும் மொழிப்பாடத்திலும் எந்த முன்னேற்றமும் இல்லை.

டெல்லியில் 2015இல் ஆறு முதல் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து நடந்த ஆய்வு வேறு கதை. பள்ளி முடிந்த பிறகு மையத்துக்கு வந்து மைண்ட்ஸ்பார்க் என்கிற மென்பொருளில் படித்தார்கள். நாலரை மாதத்தில் கணக்கிலும் இந்தியிலும் தெளிவான முன்னேற்றம் இருந்தது. காரணம் என்ன தெரியுமா? ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தார்கள். மென்பொருள் அவர்களுக்கு ஆறாம் வகுப்புப் பாடத்தை எடுக்கவில்லை, அவர்கள் உண்மையில் நிற்கிற இடத்திலிருந்து எடுத்தது. முக்கால் மணி நேரம் கணினி, முக்கால் மணி நேரம் சின்னக் குழுவாக ஓர் ஆளிடம் பாடம்.

பொருநைக்கரை ஐயா சொன்ன ஏணிதான் இதுவும். நாற்பது பேரில் நாற்பது பேரும் வேறு வேறு படியில் நிற்கும்போது ஒற்றை ஆளாக நம்மால் எல்லாரையும் கவனிக்க முடியாது. அந்த ஒரு வேலைக்குக் கணினி வேண்டும்.

---

சிறப்பாசிரியர் மதுரை
அக்டோபர் 18, மதியம் 2.10

தாமதமாக வருகிறேன், ஆனால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சிவப்பை அழுத்தும் அந்தப் பையனை ஒருமுறை தனியாக உட்கார வைத்து வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள் டீச்சர். கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைகள் பலரும் இப்படித்தான் ஒளிந்துகொள்வார்கள். கேள்வியை நீங்களே இரண்டு முறை சத்தமாக வாசித்துவிட்டால் பாதிச் சுவர் இடிந்துவிடும். கடிகாரத்தை எடுத்துவிட்டால் மீதியும் இடியும்.

சிவப்பு, பச்சை பிரித்தறியாத பிள்ளைகள் இருப்பார்கள், அவர்களுக்கே அது தெரியாது. நிறத்தை மட்டும் நம்பாமல் வட்டம், சதுரம் என்று வடிவமும் இருக்கட்டும். அட்டையில் எழுத்து பொடிசு என்று மின்சுற்று சார் சொன்னார், பார்வை குறைந்த பிள்ளைக்கு அதே அட்டையின் பின்பக்கம் பெரிதாக எழுதிக் கொடுங்கள். கை திருகிய பிள்ளை அட்டையைத் திருப்பச் சிரமப்படும், அந்தப் பிள்ளை உங்களிடம் வாயால் சொன்னால் போதும்.

---

செஞ்சி டீச்சர்
நவம்பர் 22, இரவு 10.05

ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. நடுவில் மழை விடுமுறை. நடந்ததை எழுதிவிடுகிறேன்.

முதலில் அந்தப் பையனைத் தனியாக வாசிக்கச் சொன்னேன். மதுரை மேடம் சொன்னது சரி. ஏழாம் வகுப்புக் கேள்வி ஒன்றைப் படிக்க அவனுக்கு ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆகிறது. நான் கொடுத்த நேரம் இருபது விநாடி. ஜூன் மாதத்திலிருந்து என் வகுப்பில்தான் இருக்கிறான், எனக்கு இது தெரியவில்லை. இப்போது மதிய உணவு முடிந்து தினமும் பத்து நிமிஷம் என்னோடு உட்கார்ந்து வாசிக்கிறான்.

அட்டைகள் செய்தோம், பிள்ளைகளே வெட்டி ஒட்டினார்கள். முதல் நாள் பாழ்தான், பாதி அட்டையைக் கேமரா படிக்கவில்லை. பிறகு விரலை எடுக்கப் பழகிவிட்டார்கள். கேள்வியை இரண்டு முறை வாசிக்கிறேன், கடிகாரம் இல்லை, பட்டியல் இல்லை.

0.35, 0.5, 0.125 கேள்விக்கு அன்று வந்திருந்த 33 பேரில் 12 பேர் சரி. பேச விட்டேன். வகுப்பு சந்தைக்கடை மாதிரி ஆகிவிட்டது, பக்கத்து வகுப்பு சார் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அந்தச் சத்தத்துக்கு நடுவே கடைசி பெஞ்சிலிருந்து அவன் குரல். அவன் அம்மா வாரச் சந்தையில் காய்கறிக் கடை போடுகிறார், சனிக்கிழமை இவனும் போவான். பக்கத்துப் பையனிடம் சொல்லிக்கொண்டிருந்தான்: "தராசுல ஜீரோ பாயின்ட் அஞ்சு ஜீரோ ஜீரோன்னு வந்தா அரைக் கிலோடா. ஜீரோ பாயின்ட் மூணு அஞ்சு ஜீரோன்னா முந்நூத்தம்பது கிராம். நூத்தி இருவத்தஞ்சுன்னா அரைக்கால் கிலோ. அரைக் கிலோ தக்காளி கேட்டவங்களுக்கு முந்நூத்தம்பது போட்டா திட்டுவாங்களா மாட்டாங்களா?"

அவனை முன்னால் வரச் சொல்லவில்லை, கூச்சப்படுவான் என்று. ஆனால் அவனைச் சுற்றி ஆறு பேர் கூடிவிட்டார்கள். இரண்டாவது முறை அட்டை தூக்கியபோது 25 பேர் சரி. மறுநாள் அவனே அம்மாவிடம் கேட்டுத் தராசை வகுப்புக்குக் கொண்டுவந்தான். எந்தச் செயலிக்கும் அவ்வளவு கூட்டம் கூடியதில்லை. சாக்பீஸ் டப்பா, டப்பர்வேர், ஒரு செருப்பு கூட எடை போட்டாயிற்று. முதலில் எவ்வளவு வரும் என்று நோட்டில் எழுத வேண்டும், பிறகுதான் தராசில் வைக்க வேண்டும், அது நான் வைத்த விதி.

சீட்டு ஆட்டம் தினமும் நடக்கிறது. வெளியே உட்கார்ந்து எழுதட்டுமா என்று கேட்ட பெண் பிள்ளை இரண்டு முறை ஜெயித்துவிட்டாள், ஒருமுறை 0.9 என்று ஒற்றை இலக்கம் வைத்து. சண்டை நீங்கள் சொன்ன மாதிரியே வந்தது, தாயக்கட்டை சார்.

சரியாக வராததும் உண்டு. 0.3, 0.35, 0.347 கேள்வியில் இன்னும் எட்டுப் பேர் 0.3 என்கிறார்கள். தராசில் மூன்று இலக்கமும் எப்போதும் தெரிவதால் அது அவர்களுக்கு உதவவில்லை. 0.300 என்று எழுதிப் பார் என்றால் சரியாகச் சொல்கிறார்கள், ஏன் பூஜ்யம் போடலாம் என்றால் தெரியவில்லை. இதற்கு வழி தேடிக்கொண்டிருக்கிறேன். கணினி அறையை வாரம் ஒருநாள் வைத்திருக்கிறேன், ஆளுக்குப் பத்து நிமிஷம், மௌஸ் கைமாற மணி அடிப்பேன்.

---

கரும்பலகை
நவம்பர் 22, இரவு 10.50

டீச்சர், தராசு விஷயத்தைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அந்த எட்டுப் பேருக்கு: பலகையில் ஒரு மீட்டர் கோடு போடுங்கள், பத்தாகப் பிரியுங்கள், மூன்றாவது கோட்டில் 0.3. அடுத்த பத்தில் ஒரு பங்கை மட்டும் எடுத்து அதையும் பத்தாகப் பிரியுங்கள். பிறகு பிள்ளையின் கையில் சாக்பீஸைக் கொடுத்து 0.35 எங்கே என்று வைக்கச் சொல்லுங்கள். மீட்டர் ஸ்கேலில் 30 சென்டிமீட்டர், 300 மில்லிமீட்டர் இரண்டும் ஒரே கோட்டில் நிற்பதைப் பார்த்தால் பூஜ்யம் ஏன் வந்தது என்பதும் தெரியும். கேள்விகளையும் தப்பு விடைகளையும் மொத்தமாக எனக்கு அனுப்ப முடியுமா? என் பத்தாம் வகுப்பில் திங்கட்கிழமை முதல் கேள்வியாகக் கேட்டுப் பார்க்கிறேன். எத்தனை பேர் 0.3 என்பார்கள் என்று எனக்கே இப்போது பயமாக இருக்கிறது.

---

மலையகத் தென்றல்
நவம்பர் 23, காலை 7.15

எனக்கும் அனுப்புங்கோ டீச்சர். பதிலுக்கு என் பிள்ளைகள் தடுமாறிய ஒன்று தருகிறேன். 1/3, 1/4, 2/8 இதில் எது பெரியது? போன கிழமை என் தரம் 7இல் பத்தொன்பது பேரில் பத்துப் பேர் 2/8 மூலையில் போய் நின்றார்கள். ரொட்டியை வெட்டித்தான் அவர்களைக் கூட்டி வந்தேன்.

---

கரும்பலகை
நவம்பர் 24, மாலை 6.30

திங்கட்கிழமை கேட்டேன். 41 பேரில் 14 பேர் 0.3.